கணினி இருக்கும்போது கைக்கணக்கு எதற்கு? சிவில் பொறியியலில் 'ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ்' பாடம் - ஒரு விளக்கம்

புதுடெல்லி: பொறியியல் கல்லூரிகளில் சிவில் பிரிவு மாணவர்கள் இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியிலோ மூன்றாம் ஆண்டிலோ எதிர்கொள்ளும் முக்கியமான பாடம் 'ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ்' எனப்படும் கட்டமைப்புப் பகுப்பாய்வு. ஒரு கட்டடத்தின் மீதோ பாலத்தின் மீதோ விழும் சுமை எந்த வழியாகத் தரையைச் சென்றடைகிறது, அவ்வழியில் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு விசையைத் தாங்குகிறது, எவ்வளவு வளைகிறது என்பதைக் கணக்கிட்டுச் சொல்வதே இப்பாடத்தின் பணி.

நீண்ட கணக்குகள், அடையாளக் குறிகளில் ஏற்படும் குழப்பம், ஒன்றையொன்று ஒத்த பல முறைகள் ஆகியவற்றால் மாணவர்கள் அஞ்சும் பாடங்களில் இதுவும் ஒன்று. இன்று 'ஸ்டாட் ப்ரோ', 'ஈடாப்ஸ்' போன்ற மென்பொருள்கள் பல மாடிக் கட்டடத்தின் கணக்கைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றன. அவ்வாறிருக்க, கையால் கணக்கிடும் பழைய முறைகளைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் ஏன் கற்பிக்கின்றன? இக்கேள்விக்கான விடை, மதிப்பெண்ணைவிட மனித உயிர்களோடு நெருங்கிய தொடர்புடையது.

பாடத்திட்டத்தில் இதன் இடம் எது?

முதலாம் ஆண்டில் மாணவர்கள் பொறியியல் இயக்கவியலைப் படிக்கின்றனர். ஒரு பொருள் அசையாமல் நிற்க, அதன்மீது செயல்படும் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்ய வேண்டும் என்ற அடிப்படை அங்கு கற்பிக்கப்படுகிறது. அடுத்து வருவது பொருள்களின் வலிமை குறித்த பாடம். விசைக்கு உள்ளாகும் பொருளுக்குள் எழும் தகைவு, அதனால் ஏற்படும் திரிபு ஆகியவற்றை அது விளக்குகிறது.

இவ்விரண்டின் மேல் எழுப்பப்படுவதே கட்டமைப்புப் பகுப்பாய்வு. இதன் விடைகளை அடிப்படையாகக் கொண்டுதான் கான்கிரீட் வடிவமைப்பு, எஃகுக் கட்டமைப்பு வடிவமைப்பு ஆகிய அடுத்த பாடங்கள் நடைபெறுகின்றன. கம்பியின் பருமன், தூணின் அளவு, எஃகுச் சட்டத்தின் எடை ஆகிய அனைத்தும் பகுப்பாய்வில் கிடைக்கும் எண்களைச் சார்ந்தவை. அந்த எண் பிழையானால், ஐஎஸ் 456, ஐஎஸ் 800 போன்ற இந்தியத் தர விதிகளை எவ்வளவு துல்லியமாகப் பின்பற்றினாலும் பயனில்லை.

பட்டதாரிகளுக்கான 'கேட்' தேர்வின் சிவில் பிரிவிலும், கட்டமைப்புப் பொறியியல் பகுதிக்குள் இப்பாடம் இடம்பெற்றுள்ளது.

அடிப்படைக் கருத்து என்ன?

ஒரு தளத்தில் வரையப்படும் எந்தக் கட்டமைப்புக்கும் மூன்று சமநிலைச் சமன்பாடுகள் உண்டு. கிடைமட்ட விசைகளின் கூடுதல் சுழியாக வேண்டும்; செங்குத்து விசைகளின் கூடுதல் சுழியாக வேண்டும்; சுழற்ற முயலும் திருப்புத்திறன்களின் கூடுதலும் சுழியாக வேண்டும்.

இரு முனைகளிலும் சுவரின் மேல் வைக்கப்பட்ட ஓர் உத்தரத்தை எடுத்துக்கொள்வோம். கட்டுமானத் தளங்களில் இதனை 'பீம்' என்பர். இதன் நீளம் 6 மீட்டர். ஒவ்வொரு மீட்டரின் மீதும் 20 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2 டன் சுமை பரவியிருக்கிறது எனக் கொள்வோம். மொத்தச் சுமை 120 கிலோநியூட்டன். ஒவ்வொரு சுவரும் 60 கிலோநியூட்டன் தாங்கும். உத்தரத்தின் நடுவில் எழும் வளைவுத் திருப்புத்திறன் 90 கிலோநியூட்டன் மீட்டர். மூன்று சமன்பாடுகளே இந்த விடைகளைத் தந்துவிடுகின்றன. இத்தகைய அமைப்பை 'டிடர்மினேட்' வகை என மாணவர்கள் அழைக்கின்றனர்.

இந்த எளிய கணக்கிலேயே ஒரு பாடம் உள்ளது. அதே சுமைச் செறிவில் உத்தரத்தின் நீளத்தை இருமடங்காக்கினால், வளைவுத் திருப்புத்திறன் நான்கு மடங்காகும்; நடுவில் ஏற்படும் தொய்வோ 16 மடங்காகும். இடையிலுள்ள தூணை அகற்றிக் கூடத்தைப் பெரிதாக்கலாமா என்று வீட்டு உரிமையாளர் கேட்கும்போது, பொறியாளர் தயங்குவதற்குக் காரணம் இதுவே.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

இப்போது 12 மீட்டர் நீளமுள்ள ஒரே உத்தரம், இரு முனைகளிலும் நடுவிலும் ஆக மூன்று தூண்களின் மேல் நிற்கிறது எனக் கொள்வோம். சுமை அதே மீட்டருக்கு 20 கிலோநியூட்டன், மொத்தம் 240. ஒவ்வொரு தூணுக்கும் எவ்வளவு பங்கு?

பொதுவாகத் தோன்றும் விடை இது: நடுத்தூண் இருபுறமும் பாதிப்பாதியைச் சுமக்கும், ஆகவே அதற்கு 120, முனைத் தூண்களுக்குத் தலா 60. ஆனால் உண்மையான விடை வேறு. நடுத்தூண் 150 கிலோநியூட்டனையும், முனைத் தூண்கள் தலா 45 கிலோநியூட்டனையும் தாங்குகின்றன. தோராயக் கணக்கைவிட நடுத்தூணில் 25 சதவீதம் கூடுதல் சுமை இறங்குகிறது.

இதனை மூன்று சமநிலைச் சமன்பாடுகளால் மட்டும் கண்டறிய இயலாது. அறிய வேண்டிய விசைகள் சமன்பாடுகளைவிட அதிகமாக உள்ள இத்தகைய அமைப்பு 'இன்டிடர்மினேட்' வகை. இதைத் தீர்க்க மற்றோர் உண்மை தேவைப்படுகிறது: நடுத்தூண் இருக்குமிடத்தில் உத்தரம் கீழே இறங்க முடியாது என்பதே அது.

மாணவர்கள் இக்கணக்கைச் செய்யும் முறை நேர்த்தியானது. முதலில் நடுத்தூணை இல்லாததாகக் கருதி, 12 மீட்டர் உத்தரம் நடுவில் எவ்வளவு தொய்யும் எனக் கணக்கிடுகின்றனர். பின்னர், அந்தத் தொய்வை மீண்டும் மேலே தூக்கிச் சுழியாக்க எவ்வளவு விசை வேண்டும் எனக் காண்கின்றனர். விடை, மொத்தச் சுமையில் எட்டில் ஐந்து பங்கு. 240-இல் எட்டில் ஐந்து பங்கு என்பது 150.

சமநிலை, பொருளின் விறைப்புத்தன்மை, வடிவப் பொருத்தம் ஆகிய மூன்றையும் ஒருசேர நிறைவு செய்வதே பகுப்பாய்வின் சாரம். பாடத்திட்டத்திலுள்ள எல்லா முறைகளும் இம்மூன்றையும் வெவ்வேறு வரிசையில் கையாள்பவையே. இதனை உணர்ந்த மாணவருக்குப் பத்து முறைகளும் ஒரே முறையின் பத்து வடிவங்களாகத் தெரியும்.

ஹார்டி கிராஸ் தந்த எளிய வழி

19-ஆம் நூற்றாண்டில் இத்துறையின் அடித்தளம் இடப்பட்டது. தொடர் உத்தரங்களுக்கான கிளாபெய்ரானின் மூன்று திருப்புத்திறன் தேற்றம் 1857-இலும், மேக்ஸ்வெல்லின் தலைகீழ்த் தொடர்புத் தேற்றம் 1864-இலும் வெளிவந்தன. இத்தாலியப் பொறியாளர் காஸ்டிலியானோ, 1870-களில் ஆற்றல் வழியிலான தேற்றங்களை வகுத்தார். இவை சரியானவை, எனினும் பல மாடிச் சட்டகத்துக்குப் பயன்படுத்தினால், ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டிய சமன்பாடுகள் பெருகிவிடும். கணினி இல்லாத காலத்தில் அது பெரும் சுமையாக இருந்தது.

1930-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ், பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 'மொமென்ட் டிஸ்டிரிபியூஷன்' என்று இன்று எல்லாப் பாடநூல்களிலும் இடம்பெறும் திருப்புத்திறன் பகிர்வு முறை அதில்தான் அறிமுகமானது.

அதன் கருத்து எளிது. முதலில் எல்லா இணைப்புகளையும் சுழலாதபடி பூட்டிவிட்டதாகக் கருத வேண்டும். பின்னர் ஒவ்வொரு பூட்டாகத் திறந்து, அங்கு சமன்படாமல் நிற்கும் திருப்புத்திறனை அதனுடன் இணைந்த உறுப்புகளுக்கு அவற்றின் விறைப்புக்கு ஏற்பப் பகிர வேண்டும். பகிர்ந்ததில் பாதி, உறுப்பின் மறுமுனைக்குச் செல்லும்.

மேற்கண்ட உத்தரத்திலேயே இதைப் பார்க்கலாம். எல்லாம் பூட்டப்பட்ட நிலையில், ஒவ்வொரு 6 மீட்டர் பகுதியின் இரு முனைகளிலும் 60 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் எழும். வெளிமுனைகள் உண்மையில் தடையின்றிச் சுழலக்கூடியவை. எனவே அங்குள்ள 60 விடுவிக்கப்பட வேண்டும். அதில் பாதியான 30, நடுத்தூணுக்குச் செல்கிறது. அங்கு ஏற்கெனவே உள்ள 60-உடன் சேர்ந்து 90 ஆகிறது. இரு புறமும் சமமாக இருப்பதால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. சமன்பாடு எதையும் தீர்க்காமல் சரியான விடை கிடைத்துவிட்டது.

காகிதமும் பென்சிலும் கொண்டு பல மாடிச் சட்டகங்களைக் கணக்கிட இம்முறை வழிவகுத்தது. 1940-களில் காஸ்பர் கனி உருவாக்கிய முறையும் இதே மரபைச் சேர்ந்தது. கணினிகள் பரவிய பின்னர், அணிகளைப் பயன்படுத்தும் விறைப்பு முறை முதன்மை பெற்றது. இன்றைய மென்பொருள்களின் உள்ளே இயங்குவது இதுவே.

எண்ணைவிடத் திசை முக்கியம்

90 என்ற எண் இரு கணக்குகளிலும் வந்தது. ஆனால் அவற்றின் பொருள் எதிரெதிரானது. இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட உத்தரம் கீழ்நோக்கித் தொய்கிறது. அதன் அடிப்பகுதி இழுவிசைக்கு உள்ளாகிறது. தொடர் உத்தரத்திலோ, நடுத்தூணின் மேல் உத்தரம் முதுகு உயர்த்தி வளைகிறது. அங்கு இழுவிசை மேற்பகுதியில் எழுகிறது.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையைத் தாங்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. அதனால்தான் இழுவிசை எழும் பக்கத்தில் இரும்புக் கம்பி வைக்கப்படுகிறது. தூணின் மேல் வரும் உத்தரப் பகுதியில் முதன்மைக் கம்பி மேலே இருக்க வேண்டும். சுவரிலிருந்து வெளியே நீளும் பால்கனி, சன்ஷேடு ஆகியவற்றிலும் அவ்வாறே. கான்கிரீட் இடும்போது தொழிலாளர் மிதித்து மேல்கம்பி கீழே அமிழ்ந்துவிட்டால், கம்பியின் எண்ணிக்கை சரியாக இருந்தும் பால்கனி வலுவிழந்துவிடும். தேர்வில் ஒரு கூட்டல் குறிக்குப் பதிலாகக் கழித்தல் குறி இட்டால் போவது ஒரு மதிப்பெண். கட்டுமானத் தளத்தில் போவது உயிராகக்கூட இருக்கலாம்.

அடித்தளம் இறங்கினால் என்ன ஆகும்?

'இன்டிடர்மினேட்' அமைப்புகளுக்கு ஒரு நன்மை உண்டு. ஓர் உறுப்பு தளர்ந்தால், சுமை மாற்று வழியில் செல்ல வாய்ப்புள்ளது. தொய்வும் குறைவு. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. வெப்பநிலை மாற்றம், அடித்தளம் சமமின்றி இறங்குதல் ஆகியவை கூடுதல் சுமை ஏதுமின்றியே இவற்றில் புதிய விசைகளை உருவாக்குகின்றன.

மூன்று தூண் உத்தரத்தில் நடுத்தூணின் அடித்தளம் மெல்ல இறங்குகிறது எனில், அத்தூண் தாங்கும் விசை குறையும். முனைத் தூண்களின் பங்கு கூடும். இறக்கம் மிகுந்து நடுத்தூண் எதையும் தாங்காத நிலை வந்தால், உத்தரத்தின் நடுவில் 360 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் எழும். இது முன்பிருந்ததைப்போல் நான்கு மடங்கு. திசையும் நேர் எதிரானது. மேற்பகுதியில் வைத்த கம்பி அப்போது பயன் தராது.

இதன் காரணமாகவே, பெரிய பாலங்கள் சிலவற்றில் வேண்டுமென்றே கீல் போன்ற இணைப்புகள் அமைக்கப்படுகின்றன. 1943-இல் திறக்கப்பட்ட கொல்கத்தாவின் ஹவுரா பாலம் இதற்குச் சான்று. இரு கரைகளிலிருந்தும் நீளும் கைகளுக்கு இடையே ஒரு தொங்கு பகுதி பொருத்தப்பட்டு, ஏறத்தாழ 457 மீட்டர் தூரத்தை அப்பாலம் கடக்கிறது.

அகமதாபாத் கற்பித்த பாடம்

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மையப்பகுதியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவிலுள்ள அகமதாபாத்திலும் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்தன. அவற்றில் பலவற்றுக்குப் பொதுவான ஒரு கூறு இருந்தது. தரைத்தளத்தில் வாகனங்களை நிறுத்தச் சுவரின்றித் தூண்கள் மட்டும் நின்றன. மேல் தளங்களிலோ செங்கல் சுவர்கள் நிறைந்திருந்தன.

இதன் ஆபத்தை மூன்றாம் ஆண்டு மாணவரே கணக்கிட்டுக் காண முடியும். இரு முனைகளும் சுழலாமல் பிடிக்கப்பட்ட தூணின் பக்கவாட்டு விறைப்பு, அதன் உயரத்தின் மும்மடிக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். அதே தூணின் உயரத்தை 3 மீட்டரிலிருந்து 4.5 மீட்டராக உயர்த்தினால், விறைப்பு 30 சதவீதத்துக்கும் கீழே குறைந்துவிடும். சுவர்களும் இல்லையெனில், அத்தளம் மேலுள்ளவற்றைவிட மேலும் பன்மடங்கு நெகிழ்வாகும். நிலம் அதிரும்போது அசைவு முழுவதும் அந்த ஒரு தளத்தில் குவிகிறது. தூண்களின் தலையும் அடியும் முறிகின்றன.

இத்தகைய தளத்தை 'மென்தளம்' எனப் பொறியாளர்கள் குறிப்பிடுகின்றனர். நிலநடுக்கத்துக்கான ஐஎஸ் 1893 விதியின் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பு, மேல்தளத்தின் விறைப்பில் 70 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள தளத்தை மென்தளம் என வரையறுத்தது. சுவர்களைக் கணக்கில் கொள்ளாமல் பெறப்படும் விசைகளைப்போல் 2.5 மடங்குக்கு அத்தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் வடிவமைப்பதை, ஒரு வழியாக அது முன்வைத்தது.

கணினி தந்த விடை தவறாகுமா?

மென்பொருள், தனக்குத் தரப்பட்ட மாதிரியைத் தவறின்றிக் கணக்கிடும். அந்த மாதிரி உண்மையான கட்டடத்தை ஒத்திருக்கிறதா என்பதை அது அறியாது. ஓர் இணைப்பு சுழலக்கூடியதா, இறுகப் பிடிக்கப்பட்டதா, அடித்தளம் அசையுமா என்பனவற்றை முடிவு செய்பவர் பொறியாளர்.

1978 ஜனவரி 18 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் விளையாட்டரங்கு ஒன்றின் கூரை பனிச்சுமையால் இடிந்து விழுந்தது. அதன் வடிவமைப்பு கணினியின் துணையுடன் செய்யப்பட்டது. அழுத்தத்துக்கு உள்ளாகும் சட்டங்கள் பக்கவாட்டில் பிடிக்கப்பட்டிருப்பதாகக் கணக்கில் கொள்ளப்பட்டது. கட்டப்பட்ட கூரையில் அந்தப் பிடிப்பு போதுமான அளவில் இல்லை. சில மணி நேரத்துக்கு முன்னர்தான் ஆயிரக்கணக்கானோர் அங்கு கூடைப்பந்து ஆட்டம் பார்த்துச் சென்றிருந்தனர். இடிந்தபோது அரங்கில் எவரும் இல்லாததால் உயிரிழப்பு நேரவில்லை.

1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் 'ஸ்லெய்ப்னர் ஏ' என்ற கடல் எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடிப்பகுதி, சோதனையின்போது மூழ்கியது. கணினிப் பகுப்பாய்வில் ஒரு சுவரின் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. விபத்துக்குப் பின் கவனமாக மீண்டும் செய்யப்பட்ட பகுப்பாய்வு, 62 மீட்டர் ஆழத்தில் அச்சுவர் உடையும் எனக் காட்டியது. உண்மையில் அது உடைந்தது 65 மீட்டரில்.

கணினிக்குத் தொடர்பே இல்லாத நிகழ்வும் உண்டு. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் நகர விடுதி ஒன்றில் தொங்கும் நடைபாதைகள் விழுந்து 114 பேர் உயிரிழந்தனர். இரு நடைபாதைகளையும் ஒரே நீண்ட கம்பியில் தொங்கவிடுவது முதல் திட்டம். பின்னர் கீழ் நடைபாதை, மேல் நடைபாதையிலிருந்தே தொங்குமாறு கம்பி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இதனால் மேல் இணைப்பின் மீது இருமடங்கு சுமை விழுந்தது. விசைப்படம் ஒன்றை வரைந்திருந்தால், முதலாம் ஆண்டுப் பாடத்தைக் கொண்டே இதனைக் கண்டறிந்திருக்கலாம்.

கையால் கணக்கிடும் பயிற்சியின் பயன் இங்குதான் தெரிகிறது. விடை எந்த அளவில் இருக்க வேண்டும், கட்டமைப்பு எப்பக்கம் வளையும் என்ற உணர்வு உள்ளவர், திரையில் தோன்றும் தவறான எண்ணைக் கண்டதும் ஐயம் கொள்வார்.

எவ்வாறு படிக்கலாம்?

* கணக்கைத் தொடங்குமுன், சுமையின் கீழ் அமைப்பு எவ்வாறு வளையும் எனக் கையால் வரைந்து பார்க்க வேண்டும். எங்கு மேற்பகுதி இழுபடும், எங்கு கீழ்ப்பகுதி இழுபடும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

* ஒவ்வொரு கணக்கிலும் விசைப்படம் வரைய வேண்டும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்பவர்கள், கேள்வியில் சுமையின் இடம் மாறினாலே தடுமாறுகின்றனர்.

* அடையாளக் குறிகளுக்கு ஒரே மரபைத் தேர்ந்து இறுதிவரை பின்பற்ற வேண்டும். பாடநூலுக்குப் பாடநூல் இது மாறும்.

* விடை கிடைத்ததும் எதிர்விசைகளின் கூடுதல் மொத்தச் சுமைக்குச் சமமா எனச் சரிபார்க்க வேண்டும். மேற்கண்ட உத்தரத்தில் 45, 150, 45 ஆகியவற்றின் கூடுதல் 240.

* ஒரே கணக்கை இரு முறைகளில் தீர்ப்பதும், பின்னர் மென்பொருளில் இட்டு ஒப்பிடுவதும் புரிதலை ஆழமாக்கும். நெகிழி அளவுகோலை மூன்று அழிப்பான்களின் மேல் வைத்து அழுத்திப் பார்ப்பதுகூடச் சிறந்த ஆய்வுதான்.

ஐஐடிகளின் பேராசிரியர்கள் நடத்திய கட்டமைப்புப் பகுப்பாய்வு விரிவுரைகள் 'என்பிடெல்' தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சென்னை ஐஐடியின் தேவதாஸ் மேனன் நடத்திய உயர்நிலைப் பாடமும் அவற்றுள் ஒன்று. நிலநடுக்கப் பொறியியல் தகவல்களைக் கான்பூர் ஐஐடியில் இயங்கும் தேசிய நிலநடுக்கப் பொறியியல் தகவல் மையம் எளிய நடையில் வெளியிட்டுள்ளது.

மொழியும் கவனிக்கத்தக்கது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. 2021-22 கல்வியாண்டு முதல் இந்திய மொழிகளில் பொறியியல் பட்டப்படிப்பை நடத்த ஏஐசிடிஇ அனுமதி வழங்கியது. விசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைத் தாய்மொழியில் சிந்தித்துப் புரிந்துகொண்டவருக்கு, ஆங்கிலக் கலைச்சொற்களைப் பின்னர் பழகுவது கடினமன்று.

வீடு கட்டுவோர் அறிய வேண்டியவை

இப்பாடத்தைப் படிக்காதவர்களும் இதன் விளைவுகளுக்குள்தான் வாழ்கின்றனர். வீடு கட்டுவோரும் அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்குவோரும் சில கேள்விகளைக் கேட்பது நல்லது. கட்டமைப்புக் கணக்கைச் செய்தவர் தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளரா? மண் ஆய்வு நடத்தப்பட்டதா? தரைத்தளம் திறந்த வாகன நிறுத்தமாக இருந்தால், அத்தூண்கள் அதற்கேற்பத் தனியாக வடிவமைக்கப்பட்டுள்ளனவா?

கட்டி முடித்த வீட்டில் தூணையோ உத்தரத்தையோ வெட்டுவதற்கும், சுவரை அகற்றுவதற்கும், திட்டமிடாத கூடுதல் மாடி எழுப்புவதற்கும் முன்னர், கட்டமைப்புப் பொறியாளரிடம் மறு கணக்கு பெற வேண்டும். ஓரிடத்தில் செய்யும் மாற்றம், சுமை செல்லும் வழியையே மாற்றிவிடக்கூடும். எத்தூணின் மீது எவ்வளவு கூடும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.